உலகத்துக்கு நாற்பது ரூபாய் கழிவு

சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டேதான் நல்லமுத்து அமெரிக்காவைப் பற்றிப் பேசுவார். உள்ளே விரல்கள் மிளகைத் துழாவிக்கொண்டிருக்கும். வெளியே முகம், பொன்னாயி டீக்கடையின் தண்ணீர் டிரம்முக்கு மேலே வெகுதூரத்தில் எதையோ பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும். "நெலம சரியில்லீங்க" என்பார். கை வெளியே வரும்போது விலையில் பத்து ரூபாய் காணாமல் போயிருக்கும்.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். வயது ஐம்பத்து நான்கு. சனிக்கிழமைதோறும் எக்ஸ்எல் வண்டியில் எழுபது வளைவையும் ஏறிக் கொல்லிமலைக்கு வந்து, அங்கே குண்டூர் நாடு என்ற பகுதியில் இந்தச் சின்ன ஊரின் பஸ் நிறுத்தத்தில் தராசை மாட்டுவார். வாங்கிய மிளகைச் சாயங்காலத்துக்குள் கீழே இறக்கி, சேலத்து முதலாளி ஒருவரின் கிடங்கில் சேர்ப்பது அவர் வேலை. தரகர் என்று சொன்னால் பிடிக்காது. "மலைக்கும் உலகத்துக்கும் நடுவால நிக்கறனுங்க" என்பார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று பேச, மற்றது உலகத்தைப் பார்க்க. பார்க்கும் போனில் 'கொச்சி ரேட்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த 'கொச்சி ரேட் ஒரிஜினல்', இவை இரண்டையும் நம்பாதவர்களுக்கு 'மிளகு உலகம்'. நாமக்கல் முட்டை விலைக் குழுவிலும் யாரோ தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் விலகவில்லை. முட்டை விழுந்தால் மிளகு விழும் என்பதற்கு அவரிடம் விளக்கம் இருக்கிறது. இத்தனைக்கும் மேலே யூடியூபில் ஒரு தம்பி. சிவப்பு அம்புக்குறிக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்று, இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உலகப் பொருளாதாரம் முடிந்தது என்று சொல்வார். இரண்டு நாளைக்கு ஒருமுறை உலகம் முடியும். நல்லமுத்து ஒரு முடிவையும் தவறவிட்டதில்லை.

அவரிடம் பங்கு என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மும்பையில் பங்குச் சந்தை சிவப்பானால், இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் போல போண்டாவை வேண்டாம் என்று தள்ளிவிடுவார். "அங்க அத்தன லட்சம் கோடி போச்சுங்க. உங்குளுக்கு மொளகு வெலை கேக்க எப்படி மனசு வருது?" பச்சையானால் முகம் இன்னும் மோசமாகும். பணமெல்லாம் பங்குக்கு ஓடிவிட்டது, இனி மிளகை யார் தொடுவார்கள் என்று அங்கலாய்ப்பார். சந்தை அசையாமல் நின்ற ஒருநாள், அவர் டீயை ஆறவிட்டுப் போனைத் தட்டித் தட்டிக் குலுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

தேசங்களை அவர் ஆள்களாகவே அறிவார். வியட்நாங்காரன் கொட்டிவிட்டான், பிரேசில்காரன் பதுக்குகிறான், சீனாக்காரன் முறுக்கிக்கொண்டு நிற்கிறான். எல்லோரும் காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டில் காலையில் சந்தித்தவர்கள் போலவே இருக்கும். அவருடைய சாக்குகளைப் பிக்அப் வண்டியில் கீழே இறக்கும் குப்புசாமி ஒருநாள், அந்த வியட்நாங்காரன் போன வருஷம் பலாக்காய் கேட்டு வந்த லுங்கிக்காரனா என்று விசாரித்தார். நல்லமுத்து கோபிக்கவில்லை. அவன் வேறு, இவன் வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார்.

அவர் எழுதும் விலைச் சீட்டில் மூன்று கழிவு இருக்கும். ஈரம், தூசி, உலகம். ஈரத்தைக் காயவைத்துச் சரிக்கட்டலாம். தூசியைப் புடைத்துவிடலாம். உலகத்தை ஊரில் எந்த முறத்தில் போட்டுப் புடைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அமெரிக்கா நம் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி என்று அறிவித்தபோது கிலோவுக்கு முப்பது ரூபாய் உலகக் கழிவு போட்டார். ஊர் ஒத்துக்கொண்டது. வரி போட்டால் விலை இறங்கும், அதில் ஒரு நியாயம் தெரிகிறது. சில மாதம் கழித்து மிளகு முதலானவற்றுக்கு மட்டும் வரியை நீக்கிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை சாக்குகள் முன்னதாகவே வந்து வரிசை கட்டின. நல்லமுத்துவும் வந்தார், அதே முகத்தோடு. "எடுத்துட்டாங்கதானுங்க. நமக்கு மட்டுமா எடுத்தாங்க? வியட்நாங்காரனுக்குமல்ல எடுத்துட்டாங்க. அவன் சும்மா இருப்பானுங்களா?" முப்பது அப்படியே நின்றது. பிறகு இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் என்று பேச்சு வந்தது. ஒப்பந்தம் வந்தால் அங்கத்திய சாமானெல்லாம் இங்கே வந்து குவியும் என்றார். அமெரிக்காவில் மிளகு விளைகிறதா என்று பொன்னாயி கேட்டார். நல்லமுத்து சற்று யோசித்தார். "வெளைய வெச்சுருவாங்க" என்றார்.

ஆனால் அவருடைய மேதைமை முழுசாக வெளிப்பட்டது, செய்தியே இல்லாத ஒரு வாரத்தில். வரி திரும்ப வருமா வராதா என்ற முடிவை அமெரிக்காவில் தள்ளி வைத்திருந்தார்கள். ஏறவில்லை, இறங்கவில்லை. குறைப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லாமல் மலையேறி வந்த மனிதர், பொன்னாயி கடை பெஞ்சில் டீக்கும் போண்டாவுக்கும் நடுவில் அதைக் கண்டுபிடித்தார். "வரி போட்டா ஒரு வெலை சொல்லலாமுங்க. போடாட்டி ஒரு வெலை சொல்லலாம். ஒண்ணுமே தெரியலைன்னா நான் என்னத்தைங்க சொல்றது?" கிலோவுக்கு நாற்பது ரூபாய். வரிக்கே முப்பதுதான் பிடித்தவர், தெரியாமைக்கு நாற்பது பிடித்தார். அன்றிலிருந்து அவர் வேறு சரக்கைத் தேடவில்லை. தெரியாமை எந்தப் பருவத்திலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

இந்தத் தெரியாமையில் ஒரு குன்றிமணிகூட அவர் தன் பக்கம் வைத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிளகு ஒரு ராத்திரிகூட அவர் வீட்டில் தங்காது. மத்தியானம் வாங்கினால் சாயங்காலம் முதலாளி கிடங்கு. மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை, நடுவில் இருப்பது அவருடையது. உலகம் எத்தனை குலுங்கினாலும் அவர் வழியாகக் குலுங்கிக்கொண்டே போய் மலைமேல் இருக்கும் சாக்கில்தான் இறங்கும்.

மலை ஒன்றும் ஊமையல்ல. கொஞ்சம் தாமதமாகப் பாடம் படிக்கும், படித்தால் நன்றாகப் படிக்கும். ஊருக்கெல்லாம் பன்னிரண்டு ரூபாய் டீ, ஒரு சனிக்கிழமை நல்லமுத்துவுக்கு மட்டும் பதினைந்தானது. ஏன் என்று கேட்டார். "பதில் வரிங்க" என்றார் பொன்னாயி, பாலை ஆற்றிக்கொண்டே. அடுத்த வாரம் குப்புசாமி வாடகையை இருநூறு ஏற்றினார். செங்கடலில் கப்பலெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறதாம், அதனால் என்றார். எழுபது வளைவில் செங்கடல் எங்கே வருகிறது என்று நல்லமுத்து கேட்க, குப்புசாமி, "முப்பத்திரெண்டாவது வளைவுலீங்க" என்றார். நல்லமுத்து கொடுத்தார். தம் மொழியை மற்றவர் பேசக் கேட்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது போலத்தான் தெரிந்தது.

இந்தக் கேலியில் சேராதவள் சங்கீதா ஒருத்திதான். முப்பத்தொரு வயது. திருப்பூரில் ஆறு வருஷம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கரடிப் படம் போட்ட ராத்திரிச் சட்டை தைத்தவள். ஐம்பது சதவீதம் வந்த மாதம் கரடிகள் பெட்டிக்குள்ளேயே நின்றன. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கம்மா என்றார் சூப்பர்வைசர். ரெண்டு நாள் ஆறு மாதமாயிற்று. ஊருக்கு வந்து, தன் பங்குக்கு வந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடியை அம்மாவோடு சேர்ந்து பறித்து, காயவைத்து, எட்டுச் சாக்கு கட்டினாள். வரி என்றால் என்ன என்று அந்த ஊரில் உடம்பால் தெரிந்தவள் அவள் மட்டும்தான். அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. நல்லமுத்து இருக்கும்போது எதற்கு?

இப்போது திருப்பூர் கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது. ஆர்டர் திரும்பியிருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடு, சம்பளம் மட்டும் முன்னைப் போல இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம்முடைய நாற்பது கொடியையும் அவளுக்கே குத்தகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். கிலோ அறுநூற்று ஐம்பதுக்குப் போனால் குத்தகையைப் பிடித்துக்கொண்டு ஊரிலேயே இருக்கலாம். அதற்குக் கீழே போனால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இதை அவள் பொன்னாயியிடம் மட்டும் சொன்னாள். பொன்னாயியிடம் சொன்னால் ஊருக்குச் சொன்னதாகும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமைக்குக் காத்திராமல், போனில் சொல்லிவிட்டு வியாழக்கிழமையே நல்லமுத்து வந்து நின்றபோது, பஸ் நிறுத்தத்தில் சாக்கு ஏழெட்டு வீட்டிலிருந்து வந்திருந்தது. எல்லாச் சாக்கின் வாயும் கட்டியிருந்தது. சங்கீதாவுடையது முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவர் அவளுடைய முதல் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டார். தண்ணீர் டிரம்முக்கு மேலே பார்த்தார். அவளைத் தொல்லை செய்யாத ஒரு கனிவான குரலில், விலை அறுநூற்று நாற்பது என்றும், நிலவரம் தெரியாததற்கு நாற்பது போக அறுநூறு என்றும் சொன்னார். சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

"எனக்கும் தெரியலைங்ணா" என்றாள் சங்கீதா.

"என்ன கண்ணு தெரியல?"

"நிலவரம்தானுங்க. உங்குளுக்குத் தெரியலைன்னு நாப்பது கொறைக்கறீங்க. எனக்கும் தெரியலை, அதனால நான் நாப்பது ஏத்தறேன். அறுநூத்தி எம்பது."

நல்லமுத்து சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். அப்படியெல்லாம் கணக்குக் கிடையாது அம்மிணி, இதெல்லாம் உலகச் சந்தை என்று ஆரம்பித்தார். வரி, வியட்நாம், ஒப்பந்தம், டாலர் எல்லாவற்றையும் வரிசையாக இறக்கினார்.

"அந்த வரியிலதானுங்க எனக்கு வேல போச்சு. வரின்னா என்னன்னு எனக்குச் சொல்ல வேண்டாமுங்க. இனி என்ன ஆகும்னுதான் தெரியல" என்றாள். குரல் உயரவில்லை. "உங்க தெரியாததுக்கு மட்டும் வெலை இருக்குது. என்னோட தெரியாதது சும்மாவா வந்துது?"

பொன்னாயி பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நல்லமுத்து பார்க்கும் போனை எடுத்துப் பார்த்தார். பையில் போட்டார். அறுநூற்றுப் பதினைந்து என்றார். சனிக்கிழமை வரை வைத்திருந்து பாரேன், இதுவும் கிடைக்காது என்றார்.

"சனிக்கிழமை வர்றவரு இன்னைக்கி வந்திருக்கீங்க" என்றாள் அவள். "வண்டியும் கையோட பேசி நிறுத்தியிருக்கீங்க. ஆருக்கோ அவசரமுங்க. எனக்கில்ல."

குப்புசாமி வண்டியின் டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, காத்திருப்புக்கு மணிக்கு நூறு ஆகும் என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். பேசும் போன் ஒலித்தது. கூப்பிட்டது முதலாளி. நல்லமுத்து அதை எடுக்காமல் துண்டித்தார். அறுநூற்று முப்பது. மறுபடியும் ஒலித்தது. அறுநூற்று நாற்பது, இதற்கு மேல் தம் கையிலிருந்துதான் போட வேண்டும் என்றார். சங்கீதா சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துச் சணலைச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது முறை ஒலித்தபோது நல்லமுத்து, "சரி, அறுநூத்தி அம்பது. ஆருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். இருபத்தைந்து பேருக்கு நடுவில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

சங்கீதா தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து போனை எடுத்து யாருக்கோ ஒரு வரி தட்டி அனுப்பினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்காக இருக்கும். சாக்கின் இரண்டு காதையும் பிடித்து வண்டிப் பக்கம் தூக்கினாள்.

நல்லமுத்து இரண்டடி தள்ளிப்போய் முதலாளிக்குப் போன் போட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். குரல் தழுதழுத்தது. "மலையில நெலம சரியில்லீங்க முதலாளி. ஆமாங்க. என்ன ஆகும்னு ஆருக்குமே ஒண்ணும் தெரியலீங்க. எழுநூத்தி இருவதுக்குக் கொறஞ்சு சாக்க அவுக்க மாட்டேங்கறாங்க."

சங்கீதா தூக்கிய சாக்கை அப்படியே கீழே இறக்கினாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

போனைக் காதில் வைத்தபடியே அவர் திரும்பிப் பார்த்தார். முதலாளி அந்தப் பக்கம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நல்லமுத்து "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு விரலை உதட்டில் வைத்து அவளைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து, பத்து ரூபாய் கூட என்று காட்டி நீட்டினார். அவள் அசையவில்லை. இரண்டாவது விரலும் வந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. முதலாளிக்கு உலக நிலவரத்தை விளக்கிக்கொண்டே நல்லமுத்து மூன்றாவது விரலையும் நீட்டினார்.