அப்பா தொடாத பேரன்

என் மகனுக்கு ஒரு விதை இறங்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், "ஏங்க, செத்த வாங்களேன். ஒண்ணுதான் இருக்கு" என்றாள். நானும் தடவிப் பார்த்தேன். விதைப்பையின் இடது பக்கம் காலி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து இறங்கவேண்டியது சில பையன்களுக்குத் தாமதமாகும், ஆறு மாதம் வரை பார்ப்போம், வராவிட்டால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அப்படியே விட்டால் பின்னாளில் இவனுக்குப் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வரலாம் என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் காதில் நின்றது.

நான் மில்லில் ஃபிட்டர். ஒரு மிஷின் நின்றால் ஏன் நின்றது என்று தெரியும்வரை எனக்குத் தூக்கம் வராது. ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டேன். பூச்சிமருந்திலும் பிளாஸ்டிக்கிலும் உள்ள சில ரசாயனங்கள் உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பிவிடுமாம். விந்தணுவில் மரபணு அப்படியே இருக்கும். ஆனால் அதில் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லும் குறிகள் மாறிப்போகலாமாம். எலிகளில் அந்த மாற்றம் பேரன் வரைக்கும் போனதாகவும் போட்டிருந்தது.

பேரன் என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் தேவதானத்தில் பருத்தி போட்ட காலத்தில் மருந்தை டிரம்மில் ஊற்றி வெறுங்கையால் கலக்குவார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

மறுநாள் பேரனைப் பார்க்க வந்த அப்பா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் டாக்டர் சொன்னதோடு நிறுத்தாமல் போனில் இருந்ததையும் வாசித்தேன்.

"ஏலே, அப்ப நான் அடிச்ச மருந்தாலயா புள்ளைக்கு இப்படி?"

"இருக்கலாம்னு போட்டிருக்குப்பா."

அவர் போனதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?"

அன்றிலிருந்து அப்பா பேரனைத் தொடவில்லை. தன் கையில் இன்னும் மருந்து ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டார். வாராவாரம் வருவார். எட்ட உட்கார்ந்து தொட்டில் கயிற்றை மட்டும் இழுத்து ஆட்டுவார். கை வழியாக ஒன்றும் வராது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஒனக்குத் தெரியுமாக்கும்" என்பார். பயமுறுத்தியபோது என்னை நம்பிய மனுஷன், சமாதானம் சொன்னபோது நம்பவில்லை.

ஆறாம் மாதம் டாக்டரம்மாவிடம் போனபோது அப்பாவும் கூட வந்தார். டாக்டரம்மா கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் இருக்கு. தானா எறங்கிருச்சு. ஆபரேஷன் வேண்டாம்."

என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குச் சுமந்துகொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்தது போல் இருந்தது. டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒன்றுமே செய்யவில்லை, இருந்தாலும் கும்பிட்டேன்.

அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. "டாக்டரம்மா, நான் காலமெல்லாம் மருந்து அடிச்சவன். அதனாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சா?"

"அதெல்லாம் எம்புட்டுத் தூரம் நெசம்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க ஐயா. மனுசங்களுக்கு உறுதியாத் தெரியல. இவனுக்கு ஏன் லேட்டாச்சுன்னு என்னாலயும் சொல்ல முடியாது. இப்ப நல்லா இருக்கான்."

"அது சரி. நான் தொட்டா ஒண்ணும் செய்யாதுல்ல?"

டாக்டரம்மா குழந்தையைத் தூக்கி நேராக அப்பா மடியில் வைத்துவிட்டார். அப்பா பதறிப்போய் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். பையன் கால்களை உதைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்தான். அப்பா பிடித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.