பிரேக் அக்காவின் வீட்டுக்காரர்

மருந்துக் கிடங்கில் பில் போடும் நம்ம ஆளுக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. சொந்தப் பெண்டாட்டியின் குரலை ஊரே கேட்கிறதே என்ற பொறாமை. அதற்கு மருந்து அந்தக் கிடங்கிலும் கிடையாது.

மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முன் கண்ணாடியில் செல்போனை ரோட்டைப் பார்த்து மாட்டிவைத்து, கற்றுக்கொள்பவரிடம் சம்மதம் கேட்டு, பாடத்தை இணையத்தில் வீடியோவாகப் போடுவார். ரோடு தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். தொடங்கும்போதே நம்ம ஆள் கறாராகச் சொல்லிவிட்டார்: "உன் மூஞ்சி வரக் கூடாது. வீடு, பொண்ணு, நான், எதுவும் வரக் கூடாது."

"எனக்கும் அதான் நிம்மதி" என்று மனைவி ஒத்துக்கொண்டார். பெயர் தெரியாததால் பார்க்கிறவர்களே 'பிரேக் அக்கா' என்று வைத்துவிட்டார்கள். பாடம் வேண்டுமென்றால் அங்கேயே செய்தி அனுப்ப வேண்டும். பூங்கா வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்.

எல்லாம் சரி, ஆனால் அந்தக் குரல்! நடுரோட்டில் வண்டி திரும்பத் திரும்ப நின்றுபோய், பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தபடி இருக்கும்போது, "பயப்படாதீங்க. அவன் அடிச்சா அடிக்கட்டும். கிளட்ச்சை மெதுவா விடுங்க... ஆங், சூப்பர்!" என்று வரும். வீட்டில் நம்ம ஆளுக்குக் கிடைப்பது, "ஈரத் துண்டை எங்க போட்டிருக்கீங்க? கண்ணு தெரியலையா?" கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு 'சூப்பர்' விழுந்ததில்லை. வயிறு எரியுமா, எரியாதா?

மதியம் பில் கட்டுகளுக்குப் பின்னால் இயர்போனோடு ஒதுங்குவார். கேட்காமலும் இருக்க முடியாது, கேட்டுவிட்டால் சாப்பாடும் இறங்காது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாத மனுஷர், ஒருநாள் வேறு பெயரில், 'அக்கா, மேட்டுல வண்டி பின்னாடி போகுது' என்று எழுதிப் போட்டார். 'எல்லாருக்கும் போகும் தம்பி, கவலைப்படாதீங்க' என்று பதில் வந்தது. தம்பியாம்! அதையும் நாலு தடவை படித்தார், வெட்கங்கெட்டவர்.

அந்த நேரம் பார்த்துக் கிடங்கின் சேல்ஸ்மேன் ஒரு வீடியோவை ஸ்பீக்கரில் அலறவிட்டான். "என்ன குரல் சார்! இந்த அக்கா வீட்டுக்காரன் குடுத்து வச்சவன். தினம் இப்படித்தானே கொஞ்சுவாங்க? நானும் இவங்ககிட்ட சேரப் போறேன்."

நம்ம ஆளுக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயை மூடு. அது என் சம்சாரம்."

கிடங்கே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. "நிஜமாவா சார்? உங்க வீடு பூங்காவுக்குப் பின்னாடி, அந்தப் பச்சை கேட் வீடுதானே?" என்று சேல்ஸ்மேன் கேட்டதற்கு, ஆமாம் என்று தலையையும் ஆட்டித் தொலைத்தார்.

சாயங்காலத்துக்குள் வீடியோக்களுக்குக் கீழே எல்லாம் ஏறிவிட்டது. பெயர், தெரு, பச்சை கேட்டின் படம்கூட. அவர் வீடு திரும்பியபோது முன்பின் தெரியாத இரண்டு பேர் கேட்டில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டில் நின்றவர்களை விரட்டாமல், நம்ம ஆளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி வந்ததும் தன் செல்போனை நம்ம ஆள் முன்னால் வைத்தார். வீட்டுக்குத் தெரியாமல் வண்டி பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'இனிமே வரலை அக்கா. உங்களை இப்ப எல்லாருக்கும் தெரியும். உங்க பக்கத்துல என்னைப் பார்த்தா நான் மாட்டிப்பேன்.'

நம்ம ஆள் திட்டு வாங்கத் தயாராக நின்றார். கத்துவாள், தட்டு பறக்கும், ரெண்டு நாள் பேச மாட்டாள், அப்புறம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. நான் கத்த மாட்டேன்" என்றார், அதே குரலில். "யார்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. அவசரமே இல்லை."

அது முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல் என்பது அப்போதுதான் நம்ம ஆளுக்கு உறைத்தது.

"என்னைத் திட்டிடேன்" என்று கெஞ்சினார். மனைவி திட்டவில்லை.