பௌதிகம் தெரியாத ரீச்சர்

ஐம்பதுகளின் கடைசியில், வன்னியில் தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் தமிழ் படிப்பித்தேன். விஞ்ஞானத்துக்கு எங்களிடம் ஒரேயொரு ஆசிரியைதான் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. தகப்பன் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்துவிட்டதால், அந்தத் தவணையோடு வேலையை விட்டுப் போகக் கடிதம் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. வன்னியில் படிப்பிக்கிறவர்களுக்குப் பாட அறிவு இல்லையாம். அதனால்தான் வந்த வேகத்தில் ஓடுகிறார்களாம். எழுதியவர் எங்கள் பாடசாலைப் படலையைத் தாண்டியவரல்ல.

ஆசிரியை பதில் எழுதி, அனுப்புமுன் எனக்கு வாசிக்கத் தந்தார். தான் படித்தது தாவரவியல் என்றும், பௌதிகத்தில் அரைவாசியை இங்கே வந்தபிறகே புத்தகம் பார்த்துப் படித்ததாகவும், பிள்ளைகள் கேட்டது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் விடையோடு வருவதாகவும் எழுதியிருந்தார். தான் போவது தகப்பனுக்காக மட்டுமே என்றும் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. விளங்காத செய்யுளுக்கெல்லாம் மழுப்பிக் கருத்துச் சொல்லிவந்தவன் நான்.

பௌதிகக் கதையை வெட்டிவிடும்படி தலைமை ஆசிரியர் கேட்டார்.

“அதை வெட்டினா மிச்சத்தையும் ஆர் நம்புவினம், சேர்?” என்றார் ஆசிரியை.

பத்திரிகையில் அந்த ஒரு வரி மட்டும் வந்தது, பௌதிகம் தெரியாதென்று வன்னி ஆசிரியை ஒப்புக்கொண்டார் என்று.

இரண்டாம் நாள், குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும், எங்கள் மாணவியொருத்தியின் தகப்பன் பத்திரிகையோடு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அவர் ஆசிரியையிடம் நேரே போய், “தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற ஆளிட்டத்தான் என்ர மகள் படிக்கோணும். சோதனை முடியுமட்டும் நில்லுங்கோ ரீச்சர்,” என்றார்.

ஆசிரியை சனிக்கிழமை ஊருக்குப் போனார். திங்கள் காலை லொறியொன்றில், மெத்தையில் கிடந்த தகப்பனோடு திரும்பி வந்தார். பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தார். அவர் படிப்பிக்கும் நேரத்தில் பிள்ளைகளின் தாய்மார் முறைவைத்து அந்த மனிதருக்குக் கஞ்சி பருக்கினார்கள்.

சோதனை எழுதியவர்களில் ஒருவனைத் தவிர எல்லோரும் விஞ்ஞானத்தில் சித்தியடைந்தார்கள். அதைப் பத்திரிகைக்கு நானே எழுதினேன். போடவில்லை. ஆசிரியையிடம் சொல்லிக் குறைப்பட்டேன்.

“அவை போடாட்டி என்ன மாஸ்டர்? தவறின பெடியனுக்கு அடுத்த முறைக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? அதைப் பாருங்கோ,” என்றார்.

அவனுக்கான குறிப்புகளை ஒரு கொப்பி நிறைய எழுதி என்னிடம் தந்துவிட்டுத்தான், தகப்பனோடு ஊருக்குப் போனார்.