அது சமூகவியல் கேள்வி அல்ல

அமெரிக்காவில் நான் படிக்கும் இந்தக் கல்லூரியில் பேராசிரியர்கள் மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். மாணவர்கள் ஆப்பிளைக் கடித்தபடி கேட்கிறார்கள். சோஷியாலஜி முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் அப்படி உட்கார்ந்துதான், "இன்று காலை யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? ஏன் அவர் பக்கத்தில்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் இதைக் கேட்டால் அடிதடியில் முடியும்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வர நினைக்கும் பெண்கள் சிலர், இது என்ன படிப்பு என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் பெயர் வைப்பதிலேயே போய்விடும். குடும்பம், வழக்கம், கட்டுப்பாடு, விலக்கிவைத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு. ஒருவன் தானாக நினைப்பதாக எண்ணிக்கொள்வதில் பெரும்பகுதி அவன் பிறந்த கூட்டம் நினைப்பதுதான் என்பார்கள். பிறகு சமூக அடுக்கு. கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, உதாரணம் இந்தியா என்பார்கள். நம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வகுப்பு முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதற்குத் தயாராக வாருங்கள்.

அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் எனக்கு என் அக்கா தங்கத்தின் சவப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அக்கா அங்கேயே டீச்சர். கூட வேலை பார்த்த ஏசுவடியானை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம். ஆனால் அத்தானின் ஆட்கள் சபைக் கோயிலில் பின்வரிசையில் உட்காருகிறவர்கள். "ஏட்டி, இனி அவ பேர இந்த வீட்டுல எடுக்கப்பிடாது," என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதற்குப்பின் எடுக்கவும் இல்லை.

அக்கா பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. செய்தி வந்ததும் நான் ஓடினேன். அம்மா வாசல்வரை வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா அறையைவிட்டு வரவே இல்லை.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் உண்டு; இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் அத்தானின் ஆட்கள். பெட்டி தோட்டத்து வாசலுக்கு வந்தபோது எங்கள் பக்கத்துச் சபை மூப்பர் மறித்தார். "அவனுக்க பொண்டாட்டிக்கு இந்தப் பக்கம் எடமில்ல."

அத்தானின் சொந்தக்காரர்களும் தங்கள் பக்கத்தில் வைக்கத் தயங்கினார்கள். "எங்களுக்க வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காத குடும்பம். நாளைக்கு அவிய வந்து அடிச்சா யாரு கேப்பா?" என்றார் ஒரு பெரியவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடி வாங்கிப் பழகிய பயம் அது.

பெட்டி பாதையில் இருந்தது. மழை பிடித்தது. இரண்டு பக்கமும் பேச்சு ஓயவில்லை. கடைசியில் அத்தான் குனிந்து தலைப்பக்கத்தைத் தூக்கினார். "புடிங்க. எனக்க மண்ணுல வைக்கேன்." அவருடைய மரச்சீனி விளையில், மரவள்ளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அக்காவைப் புதைத்தோம். என்னிடம் மட்டும் சொன்னார்: "நீ போ மக்கா, நனையாத. இவள நான் பாத்துக்கிடுதேன்."

இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வகுப்பில் சொன்னேன். பக்கத்தில் இருந்த டோரதி வருத்தத்தோடு கேட்டாள், "பாதை ஏன் அடைத்திருந்தது? வெள்ளமா?"

பேராசிரியர் அவளைத் திருத்தினார். கூட்டம் தன் எல்லையைக் காக்கிறது என்று பலகையில் எழுதி, மிக நல்ல உதாரணம் என்று என்னைப் பாராட்டினார்.

நான் எழுந்து கேட்டேன்: "அப்பா நினைத்தது கூட்டத்தின் நினைப்பு என்றால், என் அக்காவைப் பாதையில் நிறுத்தியது யார்? நான் யாரை மன்னிக்காமல் இருப்பது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது சமூகவியல் கேள்வி அல்ல. தத்துவத் துறை மாடியில் இருக்கிறது," என்றார் மிருதுவாக. கேலி இல்லை. எனக்கு வழி காட்டியதாகவே அவர் நினைத்தார்.

ஆகவே, ஆறுதல் கிடைக்கும் என்று யாரும் இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். இருக்கிற கோபத்தையும் அது வாங்கிக்கொள்ளும். அப்பாவை வெறுக்க முடிந்த காலம்வரை எனக்குத் தூக்கமாவது வந்தது. இப்போது நினைத்தால், மூப்பர்கள் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கும் ஒரு மனிதர்தான் தெரிகிறார். வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இந்த ஊரிலும் ஒரே வேதத்துக்கு இரண்டு கோயில்கள், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. நான் எதற்குப் போவது என்று வெள்ளைக்காரியான டோரதியிடம் கேட்டேன். "எங்களுடையதற்குத்தான். நீ விருந்தாளி அல்லவா?" என்றாள். போனேன். நடுவரிசையில் இடம் கொடுத்தார்கள். என் இரண்டு பக்கமும் காலியாகவே இருந்தது.

இந்த வருடம் புதிய மாணவர்களுக்குச் சாதியைப் பற்றிச் சொல்லும்படி பேராசிரியர் என்னை முன்னால் நிறுத்தினார். "எங்கள் ஊரில்" என்று தொடங்கி, 'நாங்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் வீ, வீ என்றே சொல்லிக்கொண்டு போனேன். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அந்த வீயில் நீங்களும் உண்டா?"

உண்டு என்றால், நான் பாதையை மறித்தவர்களில் ஒருத்தி. இல்லை என்றால், எனக்கு ஊரே இல்லை. கையில் சாக்குக்கட்டியோடு பலகைக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவில் நின்றேன். பதிலை எழுதிக்கொள்ள எல்லாருடைய பென்சிலும் தாள்மேல் காத்திருந்தது.