பித்தளை ஆணி

சிலுவைமுத்துவின் பூட்டைத் திறக்க வந்த திருடன் விடிந்த பிறகும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான் என்று திண்டுக்கல்லில் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. பூட்டுக்குள் மறைந்து கிடக்கும் சின்ன ஆணியைக்கூட எஃகில்தான் செய்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி ஆரோக்கியம்மாள் வயிற்றுப்புண் முற்றி ரத்த வாந்தி எடுத்தாள். இரைப்பையில் பாதியை வெட்டியெடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். வெட்டிய இடத்தை மூட ஆஸ்பத்திரியில் ஒரு வெளிநாட்டுக் கருவி இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் சதையில் வரிசையாகக் கம்பித் தையல் விழும். வந்த கேடு, வேறு யாருக்கோ செய்த போன ஆபரேஷனில் அதன் கைப்பிடி ஆணி முறிந்துபோயிருந்தது.

"அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு வேணும்ப்பா" என்று டாக்டர் முறிந்த துண்டுகளைச் சிலுவைமுத்துவிடம் கொடுத்தார். ஏன் அப்படி என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

துண்டைத் தேய்த்துப் பார்த்தார். பித்தளை! போதாக்குறைக்கு நடுவில் ஒரு பள்ளம் வேறு.

"வெள்ளக்காரனுக்கு வேலை தெரியல புள்ள" என்றார் மனைவியிடம். "நோஞ்சான் ஆணியப் போட்டிருக்கான். ஒன் உசுரு சமாச்சாரம், அதுல போயி பித்தளையப் போடுவனா?"

எஃகில், பள்ளமே இல்லாமல், கடைந்து கொண்டுபோய்த் தானே பொருத்தியும் கொடுத்தார். பொருத்திய பிறகு ஆணி வெளியே தெரியாது.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டரின் முகம் வெளிறியிருந்தது. கையில் அந்த ஆணி.

"இரைப்பை ரொம்பத் தடிச்சிருந்துச்சுப்பா. அளவுக்கு மேல அழுத்தினா ஆணி ஒடையணும், அதுக்குத்தான் பித்தளையும் அந்தப் பள்ளமும். ஒடைஞ்சிருந்தா கைய எடுத்திருப்பேன். ஒடையல, அழுத்திட்டேன். கம்பி சதையக் கிழிச்சிருச்சு. கையால தச்சிருக்கேன், தையல் நிக்காது."

"அய்யோ, நானே கொன்னுட்டேனே!" என்று சிலுவைமுத்து தலையில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். பாவி மனிதர், அவளைப் பிழைக்கவைக்கத்தானே அப்படிச் செய்தார்!

மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். அதற்கு முன்னால் ஒரு தடவை அவளுக்கு நினைவு திரும்பியது. காய்ச்சல் அனலாய் அடித்தது.

"ஏங்க, நீங்க செஞ்ச ஆணி ஒடையலைல?"

"ஒடையல புள்ள."

ஆரோக்கியம்மாள் பக்கத்துக் கட்டில்காரியின் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு செஞ்சது" என்றாள்.