எட்டு வருடம் பழசாகாத தேயிலை

அன்று காலை எட்டு மணிக்கு, ருசி பார்க்கும் டேஸ்டிங் மேசையில் இரண்டு கிண்ணம் வைத்தேன். ஒன்றில் எங்கள் குடோனில் எட்டு வருடமாக இருந்த சீனத்துத் தேயிலை. இன்னொன்றில் அதே வகையில் போன வருடம் செய்த புதுசு. இரண்டையும் மாற்றி மாற்றி உறிஞ்சித் துப்பினேன். இரண்டும் ஒரே மாதிரி கசந்தன. பழசு கசக்கக் கூடாது. பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் எங்கள் 'பழைய தேயிலை'யைப் பார்க்க வருகிறார். அதை எட்டு வருடமும் பாதுகாத்தவள் நான்தான்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். டீத்தூள் கம்பெனிகளில் புதிதாக டேஸ்டிங் மேசைக்கு வரும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், இதைப் படித்தால் நல்லது என்று எழுதுகிறேன். என் பெயர் ராமலட்சுமி. ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம்.

1. பெட்டி வந்தது

எங்கள் கம்பெனி சிவகாசியில் டீத்தூள் பாக்கெட் போடும் கம்பெனி. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கத்து டீக்கடைகளுக்கு எங்கள் டஸ்ட் டீதான் போகும். காலையில் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிற சனத்துக்கு நிறமும் திடமும் இருந்தால் போதும். நான் பாக்கெட் ஒட்டும் பிரிவில்தான் சேர்ந்தேன். ஒரு நாள் எல்லோருக்கும் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நேத்துப் போட்ட லாட் இல்லையே" என்று சொல்லித் தொலைத்தேன். முதலாளி அண்ணாச்சி காதில் அது விழுந்தது. மறுவாரம் என்னை மேசைக்கு மாற்றினார். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று பலர் முணுமுணுத்தார்கள். "அவ நாக்குலதான் என் கம்பெனி ஓடப்போகுது, போங்கய்யா" என்று அண்ணாச்சி ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அண்ணாச்சி ஒரு தடவை பாக்கெட் மெஷின் பார்க்கச் சீனாவுக்குப் போனார். மெஷினோடு ஒரு பெரிய பெட்டியும் வந்தது. உள்ளே வட்ட வட்டமாக அழுத்திய தேயிலை, மூங்கில் மட்டையில் ஏழு ஏழாகக் கட்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, அம்புட்டுத் தூரம் போயி வரட்டியா வாங்கிட்டு வந்திருக்கீக?" என்றேன்.

"சிரிக்காத. இதுக்குப் பேரு பு-எர். வருசம் ஏற ஏற ருசி ஏறுமாம். பத்திரமா வையி. ஒரு நாள் இது நம்ம பேரச் சொல்லும்."

விற்றவர் கூடவே ஒரு துண்டு கொடுத்து அனுப்பியிருந்தார். இருபது வருடப் பழசு, உள்ளங்கை அளவுதான் இருக்கும். புதுசிலும் பழசிலும் ஐந்து ஐந்து கிராம் எடை போட்டேன். முதல் வெந்நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது வெந்நீரில் லிக்கர் எடுத்தேன்; இலை ஊறி இறங்கும் சாற்றுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பேர். புதுசு வெளிர் மஞ்சள். வேப்பங்கொழுந்தை மென்ற கசப்பு, பின்னால் பிஞ்சுக் கொய்யாவின் துவர்ப்பு. நாக்கு சுருங்கிவிட்டது. பழசோ செம்புப் பாத்திரத்தின் நிறம். மழை பெய்த கரிசல் மண் மாதிரி வாசனை. கசப்பே இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு தித்திப்பு வந்து நின்றது. அத்தனை வருட டஸ்ட் டீயில் நான் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. துப்ப மனசு வரவில்லை, குடித்துவிட்டேன்.

2. பத்திரம்

டீ கம்பெனிக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் பட்டாசுக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவள் நான். அங்கே எங்களுக்கு ஒரே ஒரு வேதம்தான்: ஈரம் படக் கூடாது. திரியில் ஈரம் பட்டால் நமுத்துப் போகும், குழாயில் பட்டால் நமுத்துப் போகும். மேகம் கறுத்தாலே காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓடுவோம். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் சோறு, மழை பெய்தால் லீவு.

அந்தப் புத்தியோடுதான் சீனத் தேயிலையையும் பார்த்தேன். ஒவ்வொரு வட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் போகாமல் சீல் வைத்தேன். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குடோனிலேயே காய்ந்த மூலையில் வைத்தேன். ஐப்பசி அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும்போது போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கும். சீலைப் பிரித்தால் ஈரம் ஏறிவிடும் என்று நடுவில் ஒரு தடவைகூட எடுத்துக் குடித்துப் பார்க்கவில்லை.

சீனாக்காரர் வைத்திருந்த குறிப்புச் சீட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. சீன எழுத்து. யாரிடமாவது காட்டிப் படித்திருக்கலாம். தோன்றவில்லை.

3. மூன்று கிண்ணம்

ஹோட்டல்காரர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புது வட்டை முந்தின வாரமே அனுப்பியிருந்தார். காலையில் நான் எங்களுடையதோடு சேர்த்துக் குடித்தது அதைத்தான். நிறத்தில் ஒரு பொட்டு மாற்றம் இருந்தது, ருசியில் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் முகம் செத்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இருபத்தைந்து வருடம் டஸ்ட் டீ விற்றவருக்கு, நல்ல தேயிலை விற்றவர் என்ற பேர் ஒரு தடவையாவது வேண்டும் என்று ஆசை.

"அந்தப் பழைய துண்டு மிச்சம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு."

"கிண்ணத்துல அதைப் போடு. அவரு குடிக்கப் போறது ஒரு மடக்கு."

"கிண்ணத்துல ஒண்ணு, லோடுல ஒண்ணா அண்ணாச்சி?"

"ஒரு தடவதானம்மா!"

எனக்கு அழுகை வந்தது. என்னை மேசைக்கு ஏற்றியவர் அவர். அவர் சொல்லை நான் தட்டியதே இல்லை. ஆனாலும் சொன்னேன்: "இன்னைக்கு இதைச் செஞ்சிட்டா, நாளைக்கு ஒரு லாட்ட நல்லாருக்குன்னு நான் சொன்னா, நீங்களே நம்ப மாட்டீக."

"அப்பம் நீயே அவருகிட்ட சொல்லிக்க. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஹோட்டல்காரர் வந்தார். பையிலிருந்து தன் வட்டு ஒன்றை எடுத்தார். ஏழு வருடம் கொச்சியில் ஒரு நண்பர் வீட்டில் இருந்ததாம். மூன்று கிண்ணத்திலும் லிக்கர் எடுத்து வைத்தேன். அவர் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"சார், இது எங்க எட்டு வருசத்துச் சரக்கு. ஆனா பழசாகல. புதுசு மாதிரியேதான் கசக்குது. காரணம் எனக்குத் தெரியல."

அவர் மூன்றையும் குடித்தார். "சரிதான்" என்றார். கொச்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். எங்களுடையதைவிட ஒரு வருடம் இளையது. அதில் கசப்பு இறங்கி, மண்வாசனை வர ஆரம்பித்திருந்தது.

"எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இன்னோர் உறையைப் பிரித்தேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மேசையில் விழுந்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இந்தத் தேயிலைக்குக் காத்து வேணும், லேசா ஈரப்பதமும் வேணும். அதுல இருந்தாத்தான் இது பழசாகும். நீங்க இதோட மூச்சையே அடைச்சு வச்சிருக்கீங்க."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எட்டு வருடம் காவல் காத்து நானே கெடுத்திருக்கிறேன். "பட்டாசு ஸ்டோர்ல இருந்தவ சார். ஈரம்னாலே பயம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆர்டர் எதுவும் கொடுக்காமல் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் கிளம்பிவிட்டார்.

4. பிறகு

அண்ணாச்சி என்னோடு பத்து நாள் பேசவில்லை. லாட் விவரமெல்லாம் சீட்டில் எழுதித்தான் வரும். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். தகரப் பெட்டி மட்டும் காலியாகிவிட்டது. வட்டுகளையெல்லாம் உறை பிரித்து, தண்ணீர்ப் பானைகள் வைத்த ஓர் அறையில் மர அலமாரியில் அடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பதினோராம் நாள் ஒரு புரோக்கர் வந்து சண்டை போட்டார். அவர் லாட்டில் பழைய தூள் கலந்திருக்கிறது என்று நான் கழித்துவிட்டிருந்தேன். "அந்தம்மா சொன்னா வேதமா அண்ணாச்சி?" என்று அவர் சத்தம் போட்டார்.

அண்ணாச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவ செஞ்ச தப்பையே கிண்ணத்துல ஊத்தி வெளியூர்க்காரருக்குக் காட்டினவ. உம்ம தப்பையா மறைக்கப் போறா? லோடைத் திருப்பிக் கொண்டு போங்க."

நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து அடுத்த லாட்டைப் பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சரக்கு கைக்கு வந்தால், அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று முதலில் கேளுங்கள். பழைய வேலையில் கற்ற நல்ல பழக்கம்கூடப் புது வேலையில் கெடுத்துவிடும். கெடுத்துவிட்டால் கரண்டி தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். நாக்கில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், சொல்லில் வந்தால் உங்களை மேசையில் வைத்து என்ன பிரயோஜனம்?

ஓய்வு பெற்ற அன்று அண்ணாச்சி சால்வை போர்த்தி, ஒரு வட்டுத் தேயிலையையும் கையில் கொடுத்தார்.

"இதையாவது கொஞ்சம் நமுக்க விடு தாயி" என்றார்.

வீட்டில் மண்பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் கட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருக்கிறேன். சாம்பிராணி வாசம் ஏறிவிடும் என்று சாமி படத்துக்கு எட்டவே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தரம் ஒரு கிள்ளு எடுத்துப் போட்டுக் குடிப்பேன். போன மாதம் கசப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நெசமாவா சொல்லுத?" என்றவர், நான் பதில் சொல்லும் முன்பே, "சரி சரி, நீ சொன்னா நெசந்தான்" என்றார்.