சாப்பிடாத மாம்பழத் துண்டு

முதலில் வந்தது தாகம். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துக் கீழே வைப்பதற்குள் நாக்கு மறுபடி வறண்டுவிடும். காரைக்காலில் ரத்தம் பார்த்துச் சர்க்கரை நோய் என்றார்கள். மாத்திரையில் தொடங்கி, சில ஆண்டுகளில் காலையும் மாலையும் இன்சுலின் ஊசிக்கு வந்து சேர்ந்தேன். அப்போதுதான் என் கணவர் ஒரு சுகர் மிஷின் வாங்கிவந்தார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பது அவர் வேலை. "நாங்க ஃபேன்கூடப் போடுறதில்லிங்க, மீட்டர்தான் தாறுமாறா ஓடுது" என்று போகிற இடமெல்லாம் சொல்வார்களாம். கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் அவருக்கு மீட்டர் மேல் போய்விட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் ஆளைப் பார்க்கமாட்டார்.

போலகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமரம் இருக்கிறது. அந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் சில நாள் தங்கிவிட்டார்கள். காலையும் மாலையும் பழம் நறுக்கி மாளவில்லை. ஒரு துண்டுகூட நான் வாயில் போடவில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாலையில் வேலையிலிருந்து வந்ததும் கூப்பிடுவார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டுவேன். குத்தி, ஸ்ட்ரிப்பில் (ரத்தச் சொட்டை உறிஞ்சும் சிறு அட்டை) வைப்பார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மறுநாள் இன்னும் அதிகம்.

"பழம் சாப்டியா?"

"இல்லிங்க."

"அப்பறம் எப்படி ஏறும்?"

"மிஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்."

சிரித்தார். "சர்வீஸ் முழுக்க நான் கேட்ட பேச்சு இது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் விடவில்லை. நான் நறுக்கும்போது அடுக்களை வாசலில் நின்று தண்ணீர் குடித்தார், தாகமே இல்லாமல். நானும் என்னைக் கவனிக்கத் தொடங்கினேன். பேச்சு மும்முரத்தில் விரலை நக்கியிருப்பேனோ? கொட்டையைச் சப்பியிருப்பேனோ? என் வாயில் என்ன போனது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாளும் கேட்டார். "ஆமா, ஒரு துண்டு தின்னேன். போதுமா?" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்று என்னிடம் வெகு அன்பாக நடந்துகொண்டார். எண்களைப் போனில் கேட்ட டாக்டர் இரண்டு வேளை ஊசியின் அளவையும் கூட்டச் சொன்னார்.

அடுத்த நாள் முற்பகல், பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது. ஜாக்கெட் நனைய வேர்த்தது. கத்தியை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். விடுமுறை நாள் என்பதால் வீட்டில்தான் இருந்தார். ஓடிவந்து விரலைக் குத்திப் பார்த்தார். நூற்று அறுபது.

"நல்லாத்தான் இருக்கு. வெயிலுக்குப் படபடப்பா இருக்கும், செத்த நேரம் படு."

நான் நம்பினேன். உங்களிடம் சொல்ல வந்ததே இதைத்தான். உடம்பு மொத்தமும் உதறிக்கொண்டிருக்க, ஓர் எண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிப் படுத்தேன். அதன் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நினைவிருக்கிறது.

வந்திருந்தது தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது). நரம்பில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. வீட்டிலிருந்து மிஷினையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் என் கையை முகர்ந்து பார்த்தார். "பழம் நறுக்குனீங்களாம்மா? கையக் கழுவுனீங்களா?"

"தொடச்சேன்."

"தொடச்சாப் போதாது. பழச்சாறு விரல்ல காஞ்சு ஒட்டியிருக்கும். ரத்தத்தோட அதையும் சேர்த்துத்தான் மிஷின் அளந்திருக்கு. ஏறுனதாக் காட்டுனது உங்க சர்க்கரை இல்ல, மாம்பழத்தோடது. அத நம்பி நானும் ஊசியக் கூட்டிட்டேன். மயங்குறப்ப நூத்தறுபதுன்னு காட்டுனதும் அதேதான்."

ஆட்டோவில் திரும்பும்போது என் கணவர் மிஷினை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி. ஆனா ஒரு துண்டு தின்னேன்னு நீயே சொன்னியே?"

"நீங்க விடலியே. அதான் சொன்னேன்."

அவர் வெளியே பார்த்தார். நம்பவில்லை என்று புரிந்தது. செத்துப் பிழைத்ததைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது.

இப்போது சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் விரலைக் குத்துகிறார். எண் அதிகமாக வந்தால், "மறுபடி கழுவிட்டு வா" என்கிறார். நல்ல எண் வந்தால் அப்படிச் சொல்வதில்லை, நானும் கழுவுவதில்லை. எங்களுக்குப் பிடிக்காத எண்ணைத்தான் இருவரும் சந்தேகப்படுகிறோம். முன்பெல்லாம் பசி என்றால் பசி. இப்போது பசியா, சர்க்கரை இறங்குகிறதா என்று நின்று உடம்பை விசாரிக்கிறேன். கை நடுங்கினால் மிஷின் என்ன சொன்னாலும் முதலில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்த ஆனியில் மரம் மறுபடி காய்த்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, என் கணவர் எதிரிலேயே ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! மெல்லவே மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நீ தின்னல" என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

தலையசைத்தேன். "ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ பாத்துடுவோம்" என்று மிஷினை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரமும் என் நாக்கில் இனிப்பு இருந்தது.